உளவாளிக்குச் சோறு போட்டவள்

தம்பி,

வேலை கிடைத்துவிட்டது என்று நீ போனில் சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். என்ன வேலை என்று கேட்டதற்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டாய். பிறகு, "கவர்மெண்ட் வேலைதாம்மா. ஆனா வேற ஊரு, வேற பேரு, அப்படித்தான் இருக்கும். உனக்கு மட்டும் சொல்றேன். அப்பாவுக்குக்கூடத் தெரிய வேணாம்" என்றாய். அப்பாவுக்கு ஏன் தெரியக் கூடாது என்று நான் கேட்கவில்லை. காரணம் இரண்டு பேருக்குமே தெரியும் என்று நினைத்துக்கொண்டோம். ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிதான். அது நடந்தபோது நீ இரண்டாம் வகுப்பு. மீதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ வந்துவிட்டுக் கிளம்பும்போது இதைக் கையில் கொடுப்பேன். படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடு. உன் பேரும் என் பேரும் இதில் இல்லை. இரண்டே இரண்டு பேர்கள்தான் வரும். அதில் ஒன்று பொய்ப் பேர், இன்னொருவர் இப்போது உயிரோடு இல்லை.

ஒரு சினிமாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிரிக்காதே. கல்யாணமாகி வந்த புதிதில் அப்பா என்னைக் கம்பத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டிய முதல் படம் அது. மலைமேல் ஒரு எஸ்டேட் பங்களா. அதில் ஒரு கடத்தல்காரன். அவனைப் பிடிப்பதற்காகக் கதாநாயகன் டிரைவர் வேஷத்தில் அந்த வீட்டுக்குள் போகிறான். கடத்தல்காரனுக்கு ஒரு அக்கா. புருஷன் இல்லாதவள். புதிதாக வந்த டிரைவரைக் கூடப்பிறந்தவன் மாதிரி நினைத்து வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள். அவன் அங்கேயே இருந்து எல்லா ரகசியத்தையும் தெரிந்துகொண்டு சொல்லி அனுப்புகிறான். கடைசியில் படை வருகிறது, பங்களா எரிகிறது, ஹெலிகாப்டரிலிருந்து ஒரு கயிறு இறங்குகிறது, அவன் அதைப் பிடித்துத் தொங்கியபடி போய்விடுகிறான். தியேட்டரே எழுந்து நின்றது. அப்பா விசிலடித்தார். நானும் கூச்சத்தை விட்டுக் கைதட்டினேன். அதைப்போல ஒரு படம் இனி வராது என்று பஸ்ஸில் வரும்போது பேசிக்கொண்டோம். அந்த அக்காவாக நடித்தது யார் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. நான் அவளைப் பார்க்கவே இல்லை.

சேகர் மாமா உனக்கு நினைவிருக்கும். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுத் தருகிற ஆள், கோயமுத்தூர்ப் பக்கம் சொந்த ஊர் என்று சொல்லிக்கொண்டு தேவாரத்தில் பஸ் இறங்கி, விசாரித்து, நம் வீட்டு மாடி அறைக்கு வாடகைக்கு வந்தான். நல்ல உழைப்பாளி. அப்பாவின் தென்னந்தோப்பில் அவன் போட்ட குழாய் இன்னும் ஓடுகிறது. அப்பாவை மாமா என்றான், என்னை அக்கா என்றான். வந்த கொஞ்ச நாளிலேயே கீழே நம்மோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டான். சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைப்பான். "வையிப்பா, நான் பாத்துக்கிறேன்" என்றால் கேட்க மாட்டான். "எங்க அம்மா அப்படித்தான்க்கா பழக்கி வச்சிருக்காங்க" என்பான். நான் நர்ஸாக ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்கு ஊசி போட்டுவிட்டு வருகிறவள். நான் வர நேரமானால் அவன் உலை வைத்திருப்பான்.

அந்த வருஷம்தான் மலையடிவாரத்தில் கல்குவாரி வரப்போகிறது என்ற பேச்சு வந்தது. நம் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற ஓடைக்கு மேலேயே வெடி வைக்கப் பார்த்தார்கள். அப்பாவும் ஊர்க்காரர்களும் எதிர்த்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றது உத்தமபாளையத்து அசன் அண்ணன். தேங்காய் வியாபாரி. அவருக்கு இங்கே நிலமே கிடையாது. "காய் இங்கன வெளஞ்சாத்தானய்யா நான் அங்கன விக்க முடியும்?" என்று சொல்லிக்கொண்டு எல்லாக் கூட்டத்துக்கும் வந்துவிடுவார். அவரும் அப்பாவும் மாப்ள, மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சேகரும் கூட்டங்களுக்குப் போனான். மனு எழுதிக் கொடுத்தான், கலெக்டர் ஆபீஸுக்கு வேன் பேசினான். வெளியூர்க்காரப் பையனுக்கு இவ்வளவு அக்கறையா என்று ஊரே அவனைக் கொண்டாடியது.

அப்போது ஒரு விசேஷ நாளில் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அசன் அண்ணனும் இருந்தார். எனக்கு அந்த முறை படம் வேடிக்கையாக இருந்தது. கதாநாயகனின் டோப்பா முடி காற்றில் ஆடுவதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஹெலிகாப்டர் பொம்மை என்று அசன் அண்ணன் கண்டுபிடித்தார். படை வருவதற்கு முந்தின வேளை, அந்த அக்கா டிரைவருக்குச் சோறு போடுகிற காட்சி வந்தது. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கப்பா, எளச்சுப் போயிட்ட" என்கிறாள். சேகர் எழுந்தான். "என்னப்பா, இனிமேத்தானே சண்டை?" என்றார் அப்பா. "பாத்த படந்தான் மாமா" என்று மாடிக்குப் போய்விட்டான். சிகரெட் குடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அந்தக் காலடிச் சத்தம் படியேறிப் போனது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கேட்டபோது அது வெறும் காலடிச் சத்தம்தான்.

குவாரிக்காரர்கள் பொக்லைன் கொண்டுவருகிற காலையில் ஓடைப்பாதையை மறிப்பது என்று முடிவானது. எப்போது, எந்த இடத்தில் என்பது ஆறு பேருக்கு மட்டும்தான் தெரியும். அப்பா, ஊர்க்காரர்கள் மூன்று பேர், அசன் அண்ணன், சேகர். விடிவதற்குள் போலீஸ் வீடு வீடாக வந்தது. அப்பாவை வேட்டியோடு ஏற்றினார்கள். நீ அழுதபடி ஜீப் பின்னாலேயே ஓடினாய். மூன்று பேரையும் பிடித்தார்கள். மாடியிலிருந்து சேகரை அடித்து இழுத்து வந்தார்கள், அவன் உதட்டில் ரத்தம். அசன் அண்ணன் வீட்டுக்கு மட்டும் யாரும் போகவில்லை. பொக்லைன் தடங்கல் இல்லாமல் மலையேறியது.

சேகர் சீக்கிரமே ஜாமீனில் வந்துவிட்டான் என்றுதான் நினைத்தோம். வந்தவன் ஓடிவிடவில்லை, தம்பி. அதுதான் என்னால் இன்றுவரை விழுங்க முடியாதது. இங்கேயே இருந்தான். என்னோடு வக்கீல் வீட்டு வாசல்வரை வந்தான். உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டான். அப்பா வெளியே வந்தபோது மெலிந்து, தாடியோடு இருந்தார். ஒரு நாள் சாப்பிடும்போது, "எவன்டா சொல்லியிருப்பான்?" என்று தனக்குத்தானே கேட்பது போலக் கேட்டார். சேகர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "அசன் அண்ணன மட்டும் ஏன் மாமா எடுக்கல?" என்றான். அவ்வளவுதான். மறுபடி அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. எடுக்க வேண்டியிருக்கவும் இல்லை.

அப்பா அடுத்த வாரமே, காய் உரிக்கிற உரிமட்டைக் களத்தில், தேங்காய் ஏற்ற வந்த ஆட்கள் எல்லோர் முன்னாலும் அசன் அண்ணனைக் கேட்டுவிட்டார். என்ன வார்த்தையால் கேட்டார் என்பதை எழுத மாட்டேன். அசன் அண்ணன் அசையவில்லை. "மாப்ள, என் கண்ணப் பாத்துச் சொல்லு" என்றார். அப்பா கண்ணைப் பார்த்தே சொன்னார். அசன் அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த லாரியிலேயே ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் சேகரும், அம்மாவுக்கு முடியவில்லை என்று போன் வந்திருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். நான்தான் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தேன். பஸ் ஏறும்வரை நீ அவன் கையை விடவில்லை.

கேஸ் கோர்ட்டுக்கு வந்த அன்றைக்குச் சேகருக்காக வாசலிலேயே காத்திருந்தோம். அவன் போன் அணைந்திருந்தது. உள்ளே பேர் கூப்பிட்டார்கள். அப்பா பேர், மற்ற மூன்று பேர். அதோடு நிறுத்திவிட்டார்கள். அப்பா கூண்டில் நின்றபடி வக்கீலிடம் குனிந்து, "சேகர் பேரக் கூப்பிடலயே சார், பையன் இன்னும் வரல, வாரண்டு கிரண்டு போட்டுறப் போறாக" என்றார். வக்கீல் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எந்தச் சேகரு? அப்படி ஒரு ஆளே கேஸ்ல இல்லையே" என்றார். அப்பா அந்தக் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலை எனக்கு மறக்காது. தன் பேரைக் கூப்பிட்டபோது பயப்படாதவர், இல்லாத பேருக்கு நடுங்கினார். அவனை அனுப்பியது யார் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. யார் யாரையோ சொல்கிறார்கள். எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன்.

கோர்ட்டிலிருந்து அப்பா நேராக உத்தமபாளையம் போனார். நானும் கூடப் போனேன். அசன் அண்ணன் வாசலுக்கு வந்து, "வாங்க, உக்காருங்க" என்றார். அப்பா நடந்ததைச் சொல்லி அழுதார். அவர் தண்ணீர் கொடுத்தார், டீ வரவழைத்தார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "பரவால்லங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். கோபமே இல்லை. ஆனால் மாப்ள என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் வரவில்லை. காய்க்கு விலை பேச வரும்போதெல்லாம் வாங்க, போங்கதான். அவர் மவுத்தானபோது அப்பா கபர்ஸ்தான் சுவருக்கு வெளியே வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். பார்த்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்; எங்கே போயிருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஊருக்குள்ளும் ஏதோ நுழைந்துவிட்டது. யாரும் யாரையும் நம்பிக் கூட்டம் போடவில்லை. அண்ணன் தம்பிகள்கூட ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். நான் ஊசி போட்டுவிட்டுக் குழந்தையின் பேரை ரிஜிஸ்டரில் எழுதினால், "என்னத்த நர்சம்மா எழுதுறீக?" என்று எட்டிப் பார்த்தார்கள். பத்து வருஷமாக எனக்குத் திறந்த கதவுகள் பாதிதான் திறந்தன. அப்பா அன்றைக்கு வீட்டுக்குள் போனவர்தான். தோட்டம், வீடு, இரண்டைத் தவிர வேறு வாசல் மிதிப்பதில்லை. யார் எதைச் சொன்னாலும் இரண்டாம் தரம் கேட்பார், முகத்தையே பார்ப்பார். அப்பா ஏன் இப்படி என்று நீ எத்தனையோ தரம் என்னிடம் சண்டை போட்டிருக்கிறாய். இதுதான்.

மூன்றாவது முறை அந்தப் படத்தைப் பார்த்தது மதுரையிலிருந்து வருகிற வீடியோ பஸ்ஸில். உசிலம்பட்டி தாண்டும்போது அதே சாப்பாட்டுக் காட்சி. "எளச்சுப் போயிட்ட" என்று அவள் சொல்கிறாள். அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தேன். எத்தனை நல்ல முகம். படை வருகிறது, வீடு எரிகிறது, ஹெலிகாப்டர் ஏறுகிறது, படம் முடிகிறது. அந்தப் பெண்ணைக் காட்டவே இல்லை. செத்தாளா, பிழைத்தாளா, ஜெயிலுக்குப் போனாளா, ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "அந்த அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "எந்த அக்கா?" என்றாள். ஆண்டிபட்டியில் இறங்கி, கடைவாசலில் நின்று வாந்தியெடுத்துவிட்டு, அடுத்த பஸ் பிடித்து வந்தேன். அத்தனை பேர் எழுந்து நின்று கைதட்டிய படம், நானும் தட்டிய படம், இவ்வளவு கெட்ட படமா என்று இருந்தது. அதை எடுத்தவர்கள்மேல் எனக்கு வெகுகாலம் கோபம்.

இனி எழுதப்போவது அப்பாவுக்குத் தெரியாது. நீ சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது, கண்ணில் புரை பார்க்க மதுரைக்கு ஆஸ்பத்திரி போனேன் அல்லவா? வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் எனக்கு முன்னால் ஒருவன். ஒரு கண்ணில் கட்டு, தலை நரைத்திருந்தது. கழுத்தைத் திருப்பிய விதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. "சேகரு" என்றேன். திரும்பிவிட்டான். திரும்பிய பிறகுதான், திரும்பியிருக்கக் கூடாது என்பது அவன் முகத்தில் வந்தது. "ஆள் மாறிப்போச்சுங்கம்மா" என்றான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கழித்து அவனாகவே வந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான்.

"தம்பி என்ன படிக்கிறான்?" என்று கேட்டான். சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"உங்க வீட்டுல நான் சொன்னது எல்லாமே பொய் இல்லக்கா" என்றான்.

"எது பொய் இல்ல?"

யோசித்தான். "சுண்டவத்தக் குழம்பு பிடிக்கும்னு சொன்னது" என்றான்.

எனக்குச் சிரிப்பதா, காறித் துப்புவதா என்று தெரியவில்லை. "அசன் அண்ணன் பேர ஏன் சொன்ன? எல்லாம் முடிஞ்சு போன பெறகு, அதச் சொல்லி உனக்கு என்ன ஆகப் போகுது?" என்று கேட்டேன்.

"எம்மேல சந்தேகம் வரக் கூடாதுல்லக்கா. அந்த மனுசன் எப்படி இருக்காரு?"

"மவுத்தாயிட்டாரு."

அவன் நல்ல கண்ணையும் மூடிக்கொண்டான். அப்போது உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்து ஒரு பேரைக் கூப்பிட்டாள். அவன் எழுந்து போனான். அதுதான் அவன் பேர். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் எழுதவில்லை. அப்பாவிடம் சொல்லியிருந்தால் அவர் தேடிப் போயிருப்பார். ஆனால் அதற்காக மட்டும் நான் மறைக்கவில்லை. பேர் என்று ஒன்று இருக்கிற மனிதனை வெறுப்பது கஷ்டமாக இருந்தது.

நீ போன் செய்த மறுநாள், அப்பா தோட்டத்துக்குப் போன பிறகு, அந்தப் படத்தைச் செல்போனில் தேடி எடுத்துப் பார்த்தேன். முழுசாகப் பார்த்தேன். நல்ல படமா, கெட்ட படமா என்று என்னால் இப்போது சொல்ல முடியவில்லை. அந்த அக்காவைவிட அந்த டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றை அள்ளி வாயில் வைக்கும்போது அவன் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. ஹெலிகாப்டர் கயிற்றில் தொங்கும்போது அவன் ஜெயித்த பெருமையில் சிரிக்கிறான் என்றுதான் முன்பெல்லாம் நினைத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை, தம்பி. எரிகிற வீட்டைத்தான் பார்க்கிறான். யாரையோ தேடுகிறான். நடித்தவர் அப்படி நினைத்து நடித்தாரா, நானாக நினைத்துக்கொள்கிறேனா தெரியாது. கொஞ்ச நேரத்தில் அந்த முகம் உன் முகமாகத் தெரிந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அடுப்படியில் நின்றாலும், தெருவில் நடந்தாலும், யாரோ ஒருத்தியின் வீட்டில் நீ தலைகுனிந்து சாப்பிடுவது தெரிகிறது. அவள் முகம் மட்டும் தெரியவில்லை.

போகாதே என்று சொல்லப்போவதில்லை. பஸ்ஸில் குண்டு வைக்கிறவனும் ஒரு வீட்டில்தான் சாப்பிடுகிறான், அவனைக் கண்டுபிடிக்க யாராவது அந்த வீட்டுக்குள் போகத்தான் வேண்டும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் உன்னை அனுப்புகிறவர்கள் சொல்கிற எல்லா வீடும் அப்படிப்பட்ட வீடாக இருக்காது. கண்மாய்த் தண்ணிக்காகக் கூடிப் பேசுகிற வீட்டுக்கும் அனுப்புவார்கள். அங்கே போனால் பார், கேள், உன் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொல். மாட்டிக்கொள்கிற நிலைமை வந்தால் தப்பித்து வா. தப்பிப்பதற்காக இன்னொருத்தன் பேரைச் சொல்லிவிடாதே. ஒரு கேள்வியாகக்கூடச் சொல்லிவிடாதே. அப்பா ஜெயிலில் இருந்ததை மறந்துவிட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்து அவர் இன்னும் வெளியே வரவில்லை.

இன்னொன்று. சோறு போடுகிறவள் யாராக இருந்தாலும், உங்கம்மா எங்க இருக்காக என்று ஒரு நாள் கட்டாயம் கேட்பாள். கேட்காமல் இருக்க மாட்டாள். இல்லை, செத்துப்போய்விட்டாள் என்று சொல்ல வேண்டி வந்தால் சொல்லிக்கொள். தயங்காதே. எனக்கு வருத்தமில்லை.

சற்று முன் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, "பயலுக்கு என்ன வேலையாம்?" என்று கேட்டார். "கணக்கு ஆபீஸாம், வடக்க. வரவு செலவு சரிபாக்குற வேலை" என்றேன். மோரை ஊற்றினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, இரண்டாம் தரம் கேட்கவுமில்லை. "கணக்குல அவன் கெட்டிக்காரந்தான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷமோ ஆகிவிட்டது. கையைக் கழுவிவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டினார். "எங்கிட்டுக் கெளம்பிட்டீக?" என்றேன். "நாலு வீட்டுல சொல்லிட்டு வாரேன்" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு, தானாகவே, எதிர்வீட்டுப் படியேறினார். அவர் உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பது இங்கேவரை கேட்கிறது.

அம்மா